சின்ன கேமராவே போதும், கண்ணு

மதுக்கரை
நவம்பர் 10, திங்கள்

அன்பு மகள் கிருபாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம் என்றுதான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆகவே நலம் என்றே வைத்துக்கொள். அயர்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, ஆஸ்பத்திரியில் வார்டு மாற்றிக் கொடுத்தார்களா, சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதெல்லாம் நான் கேட்டதாகவும் நீ ஆமாம் என்று சொன்னதாகவும் இருக்கட்டும். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று பயப்படாதே. கொஞ்சம் பயப்பட்டாலும் தப்பில்லை. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

கிறிஸ்துமசுக்கு வரும்போது கேமரா வாங்கி வருகிறேன், பாக்கெட்டில் போடுகிற சின்னதா, லென்ஸ் மாற்றுகிற பெரிய மிரர்லெஸ்ஸா என்று போன மாதம் கேட்டாய். சிமென்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் முப்பத்தோரு வருடம் நின்றுவிட்டு, ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு மைக் முன்னால் "இனி ஊரெல்லாம் சுற்றிப் போட்டோ எடுக்கப் போகிறேன்" என்று சொன்னது நான்தான். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் சொன்னது அது. அதை நீ மூன்று வருடமாக மனதில் வைத்திருக்கிறாய். சின்னதே போதும் என்று ஒரு வரியில் அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். அவசரப்படாமல் இரண்டையும் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்ததில் இருந்துதான் எனக்குக் கெட்ட நேரம் பிடித்தது.

முதலில் சின்னது. பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வன் அப்படி ஒன்று வைத்திருக்கிறான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நம் தெருக்கோடி மாசாணம் மாமாவின் புது வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் போனேன். அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை கிடையாது, பின்னால் இருக்கிற சின்னத் திரையைத்தான் பார்த்து எடுக்க வேண்டும், வெயிலில் அந்தத் திரை கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, அதில் என் மூக்குதான் தெரிந்தது, இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டே போனேன், வாசலுக்கு வந்தால் அங்கே மாசாணத்தின் சம்பந்தி, கோபிசெட்டிபாளையத்துக்காரர், பெரிய மீசை, தனியாக நிற்கிறார், மாப்பிள்ளையின் அப்பாவை எடுக்காமல் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று கிட்டப் போய், "சம்பந்தி, கொஞ்சம் சிரிங்க. நல்ல நாள் அதுவுமா இப்படி உர்ர்ருனு நின்னா எப்படீங்க?" என்று சொல்லி நான்கு போட்டோ எடுத்தேன். "ஏனுங்க, நான் இங்க நிக்கறேனுங்க" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது. நான் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, வீடு கட்டும்போது பேன்ட் சட்டை மாட்டிக் கட்டித் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மையிடம். நாற்பது பேர் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. அவரும் சாப்பிடவில்லை, அவரோடு காரில் வந்த ஒருத்தரும் சாப்பிடவில்லை. மாசாணம் என்னிடம் பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இருபது வருடம் ஒரே ஷிப்டில் நின்றவன் அவன்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது தமிழ்ச்செல்வன் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். "அண்ணா, யாருக்குமே தலையைக் காணமுங்களே" என்றான். பொம்மைக்கு மட்டும் முழுசாக விழுந்திருந்தது.

நான் பொம்மைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை கண்ணு. இப்போது சொல்வதுதான் உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாதது. நீ நர்சு, பதறாமல் படி. ஆடி மாசத்தில் இருந்து எனக்கு நேராக இருப்பதெல்லாம் வளைந்து தெரிகிறது. கரண்ட் கம்பம் வில் மாதிரி நிற்கிறது. யாரையாவது நேருக்கு நேர் பார்த்தால் காது தெரிகிறது, தோள் தெரிகிறது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தை யாரோ ஈர மையைக் கட்டை விரலால் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கிறது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன். பேசாதவர்களிடம் மாட்டிக்கொள்கிறேன்.

பி.எஃப். ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லோகப்பிரியா என்று ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். சோதித்துவிட்டு, விழித்திரைக்குப் பின்னால் நீர் கசிகிறது என்றாள். "போன பார்வை முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாதுங்கய்யா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாமுங்க. மொதல்ல மாசம் ஒரு ஊசின்னு மூணு மாசம். தள்ளிப் போடாதீங்க."

"ஊசி எந்தக் கையிலீங்க?"

"கண்ணுக்குள்ளங்கய்யா. மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் போடுவோம்."

வெளியே விட்ட செருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவன், உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "ஏனுங்க, ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, ஒரு கால்ல பழுப்புச் செருப்புப் போட்டுட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். பி.எஃப். ஆபீசில் ரொம்பக் கூட்டம் என்று சொன்னேன். அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. கொதிக்கிற சிமென்ட் மூட்டை தோளில் வெடித்துக் கொட்டியபோதுகூட வேலையை விட்டு ஓடாதவன் நான். ஆனால் கண்ணுக்குள் ஊசி என்று நினைத்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறேன். மாத்திரை, சொட்டு மருந்து ஏதாவது உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரி. இல்லையென்றால் இல்லையென்று எழுதாதே.

இனிப் பெரிய கேமராவின் கதை. போத்தனூரில் தீபக் என்று ஒருவன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான், கல்யாணமெல்லாம் எடுப்பான். விசாரிக்கப் போனேன். அவன் அதை என் கழுத்தில் மாட்டியதும் எதையோ அமுக்கிவிட்டேன், கண் மூடித் திறப்பதற்குள் அவன் கடைத் தரையை முப்பத்தெட்டுப் படம் எடுத்துவிட்டது. "பரவாயில்லீங்க மாமா" என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தான். அதில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு திருகு, அதைத் திருகினால் நம் கண்ணுக்குத் தகுந்தபடி தெளிகிறது. இன்னொரு பொத்தானை அமுக்கினால் பார்க்கிற பொருள் பத்து மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. சனி, ஞாயிறு வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து, அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

கண்ணு, உன் அம்மா முகம் வந்தது. தேய்ந்துபோன இடம் அப்படியேதான் இருந்தது. ஆனால் முகம் அவ்வளவு பெரிதாக வந்ததால் அதற்குள் அடங்காமல் சுற்றி வழிந்து தெரிந்தது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தினால் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துவிடலாம். ஒரு புருவம் பாதி நரைத்திருக்கிறது. தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று இருக்கிறது, எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. நான்கு மாதத்தில் ஒரு மனுசிக்கு இவ்வளவு வயதாகுமா, இல்லை, அதற்கு முன்னால் கண் நன்றாக இருந்தபோதும் நான் பார்க்கவில்லையா என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"போட்டோ எடுக்கறேன்."

"டப்புனு சத்தமே வரலீங்களே?"

"இது சத்தம் வராத கேமரா. பேசாம கீரையை உருவு."

கீரை முடிந்து காம்பைக் கூட்டி அள்ளுகிறவரை பார்த்தேன். இருபது நிமிஷம் இருக்கும். ஒரு படம்கூட எடுக்கவில்லை. அமுக்கினால் அந்த முகம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது தீபக், "ரெண்டு நாள் வெச்சிருந்து ஒண்ணுகூட எடுக்கலீங்களா மாமா? கேமரா புடிக்கலீங்களா?" என்றான். கனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே யோசித்து முடிவு பண்ணிவிட்டேன். சின்னதே வாங்கி வா. பெரியது வந்தால் நான் நாள் முழுக்க அதை மூஞ்சியில் இருந்து எடுக்க மாட்டேன், எதற்கு என்று உன் அம்மா ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவாள், பிறகு ஊசி வரைக்கும் போய்விடும். அதுவும் இல்லாமல், நன்றாகத் தெரிந்தால் எவ்வளவு தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்து தெரிகிறது. அது எனக்கு வேண்டாம். சின்னதை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துக்கொள்கிறேன். போட்டோ எடுக்காத ஆளுக்கு எந்தக் கேமராவும் ஒன்றுதான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையாக இருக்கட்டும். உன் அறைத் தோழிகளுக்கு என் விசாரிப்பைச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கதிரேசன்

பி.கு.: கிருபா, மேலே அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று எழுதியதெல்லாம் இனிச் செல்லாது. உறைமேல் உன் ஊர் விலாசத்தை எழுதித் தரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். நான் கோந்து தேடி எடுத்து வருவதற்குள் அவள் கடிதத்தை முதலில் இருந்து கடைசிவரை படித்துவிட்டாள். தடிப் பேனாவில், ஒரு பக்கத்துக்கு ஏழு வரி எழுதினால் யார்தான் படிக்க மாட்டார்கள்? நேராக உள்ளே போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். "கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்க, மெர்சி" என்றேன். "படிச்சனுங்க. நான் கையைப் புடிச்சுக்கறேன். கத்தோணும்னா கத்துங்க, யாரு என்ன சொல்லீருவாங்க?" என்கிறாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு இன்றைக்கே வருவதாகச் சொல்லிவிட்டாள். பேனாவைப் பிடுங்குகிறாள், அவளும் எழுத வேண்டுமாம்.

கண்ணு கிருபா, அம்மா எழுதறேன். ஆட்டோ வந்து நிக்குது. நீ பெருசையே வாங்கிட்டு வா. உங்கப்பா என்னையப் பாத்துட்டாரு. நான் அவரப் பாக்கோணும். நாலு மாசமா தெனமும் எதுத்தாப்புல உக்காந்து சோறு போட்டுருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சே சாமி.