தண்ணீருக்கு வந்த இறால் நோய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் டெலிபோனை வைக்கக் கூடாது. அதிலும் பயோடெக்னாலஜி படித்துவிட்டு வந்தவர்கள் என்றால் ஒயரையே பிடுங்கிவிடுவது நல்லது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் ஒரு சிறிய தனியார் லேபில் எனக்கு முதல் வேலை. இறால் குஞ்சுகளுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ‘புரோப்’ என்று ஒன்று உண்டு. ஒளிரும் சாயம் ஒட்டிய குட்டி டிஎன்ஏ துண்டு. அந்த வைரஸின் டிஎன்ஏவில் தனக்குப் பொருந்தும் எழுத்து வரிசை கிடைத்தால்தான் ஒட்டிக்கொண்டு ஒளிவிடும். வேறு எது வந்தாலும் கண்டுகொள்ளாது. ஒளி கூடக் கூட, கம்ப்யூட்டர் திரையில் கோடு மேலே ஏறும். (ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இதை விளக்கப் பார்த்தேன். “பாப்பா எறாவுக்கு எக்ஸ்ரே எடுக்குது” என்பதோடு நின்றுவிட்டது.)

காட்டுப்பள்ளிப் பக்கம் இறால் குஞ்சுப் பண்ணை வைத்திருந்த தேவராஜ் அண்ணன், ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். லேபை நடத்தும் சார் வெளியே போயிருந்தார். நானே எல்லாவற்றையும் தயார்செய்து மெஷினில் வைத்தேன். கோடுகள் ஏறின. எல்லாக் கோடுகளும்.

தனியாகச் செய்த முதல் வேலையிலேயே கொள்ளைநோயைக் கண்டுபிடித்துவிட்டேன். (பயத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையும் இருந்தது.) போனை எடுத்தேன்.

“அண்ணே, எல்லாத் தொட்டியிலயும் நோய் இருக்கு.”

“இன்னாமா சொல்ற? காலைல கூட நல்லா துள்ளிகினு இருந்துச்சே.”

“மெஷின் பொய் சொல்லாதுண்ணே.”

“அப்ப பிளீச்சிங் பவுடர் கொட்டி அழிச்சிட வேண்டியதுதான்” என்று வைத்துவிட்டார்.

சார் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். “இந்தக் கடைசிக் கோடு எந்தத் தொட்டி?”

“அது வெறும் தண்ணி சார். ஒப்பிட்டுப் பார்க்க வெச்சது.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

“தண்ணிக்கு இறால் நோயா?” என்றார் சார், மெதுவாக.

பண்ணைக்குப் போன் அடித்தோம். எடுக்க ஆளில்லை. சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகர்வதாக இல்லை. தெரிந்த ஜெபமெல்லாம் மறந்து, பாதியிலிருந்து பாதிவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது முதல் தொட்டியில் கொட்டி முடித்திருந்தார்கள். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. இரண்டாவது தொட்டி ஓரம் ஒருவர் பக்கெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். “நிறுத்துங்க” என்று சார் கத்தினார்.

கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். “இன்னாமா, என் குஞ்சுங்களுக்கு இன்னா நோவு?”

“ஒண்ணுமில்லண்ணே. தப்பு என் மேலதான்.”

அவர் திட்டவில்லை. செத்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் சார் புதிதாகச் செய்து பார்த்தார். ஒரு குஞ்சுக்கும் நோயில்லை. அப்படியானால் வைரஸ் எங்கிருந்து வந்தது? அன்று மின்விசிறிக்கு ஆசைப்பட்டு, மாதிரி தயாரிக்கும் மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். அம்மா செய்த இறால் தொக்கு. (கை கழுவினேன். சோப்பு போட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.) அந்தக் கையோடுதான் எல்லாச் சோதனைக் குழாய்களுக்கும் ஊற்றும் தண்ணீர் பாட்டிலைத் திறந்திருக்கிறேன். கழுவாமல் கிடந்த டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துளி எடுத்து சார் மெஷினில் வைத்தார். அந்தக் கோடு மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஏறியது. (நோய்ப்பட்ட இறாலை வேகவைத்தாலும் வைரஸின் டிஎன்ஏ மிஞ்சுமாம்.)

மனிதர்களுக்கு அந்த வைரஸால் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் வீட்டில் விஷயத்தை உடைத்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என் தொக்குல நோவு கீதுன்னு சொல்றதுக்கு உங்க மெஷினுக்கு இன்னா, நாக்கா கீது?”

நைனா சிரித்ததில் புரையேறிவிட்டது. சார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் நான் அங்கே இருந்தவரை டெலிபோன் அவர் அறையில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அம்மா கிண்ணத்தை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: “சும்மா துன்னு பாருங்க. லேப்ல வெச்சதுல எங்க வூட்டு தொக்குதான் பஸ்ட்டு வந்துச்சு.”