பங்கு நானாவும் ஒரு கறவை மாடும்

இலங்கை மலைநாட்டு ஹட்டன் பஜாரில் கடன் கேட்கப் போனவனைப் பங்காளியாக்கித் திருப்பி அனுப்புகிற கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது, ‘பங்கு நானா’ என்று ஊரே அழைத்த முஸ்லிம் வியாபாரியின் இரும்புக் கடை.

வட்டி என்று சொன்னாலே, சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டவர் மாதிரி கையை உதறுவார். ஒருமுறை வங்கிக்காரர்கள் அவர் கணக்கில் வட்டியைச் சேர்த்துவிட்டார்கள். திருப்பி எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டும் நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பணத்தில் பொதுக் கழிப்பறைக்குக் கதவு போட்டார்.

"பெரிய புண்ணியம் நானா" என்றேன்.

"வட்டிக் காசுல நன்மை கிடைக்காது மாஸ்டர். கதவு கிடைச்சாப் போதும்."

அப்போது நான் அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருப்பு. கறவை மாடு வாங்க அவரிடம் கடன் கேட்டேன்.

"கடன் வேணாம். காசு என்ட, உழைப்பு உங்கட. லாபத்துல பாதிப் பாதி. நட்டம் வந்தா எனக்குக் காசு போகும், உங்களுக்கு உழைப்பு போகும். எங்கட மார்க்கம் அப்படித்தான் செல்லுது."

மாடு வந்தது. ஞாயிறு தவறாமல் நானாவும் பஸ் ஏறி வந்தார். ஒருநாள் குடையை மடிக்கும் முன்பே என் மனைவி மேரியிடம் கேட்டார்:

"பங்காளி சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டுட்டுத் தூங்குறாருங்க."

"பகல் பத்து மணிக்கு மாடு தூங்குதா? டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கொட்டகைக்கு ஓடினார். உள்ளே போர்வைக்குள் கிடந்த நான் அவமானத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

வாங்கிய எட்டாம் மாதம் மாடு வயிறு ஊதிச் செத்துப்போனது. கடைக்குப் போனேன்.

"மாசா மாசம் கொஞ்சங் கொஞ்சமா குடுத்துடுறேங்க நானா."

அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"லாபம் வந்தப்போ பங்காளி, நட்டம் வந்தா மட்டும் நான் கடன் குடுத்தவனா? என்ட பங்கைப் பிடுங்க வந்தீங்களா மாஸ்டர்?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "மேரி தங்கச்சி அழுதாவா?"

"ரெண்டு நாளா சாப்பிடலைங்க."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு லயத்துக்கு வந்தார். காலிக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றார். மேரி அழுதாள்.

"பால் கொஞ்சம் கொறைவுதான்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நல்ல குணம்."

எங்கள் துக்கத்திலும் சரிபாதி கேட்டு வாங்கிக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான்.