பாழ்நகருக்குப் பின்னணி இசை அமைத்த சில்வண்டு

(கோவை பீளமேட்டில், விளையாட்டுச் செயலிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் உணவுக்கூட வரிசையில், 2021 ஆவணி மாதம், ஒலிப்பதிவாளர் சூ. மரியசெல்வம் சொல்லக் கேட்டு எழுதியது. வரிசை நகர்ந்தபோதெல்லாம் கதை நின்று, பின் தொடர்ந்தது.)

ஒரு காட்டில் ஒரு நரி வீடியோ கேம் நிறுவனம் நடத்தி வந்தது. அதன் புதிய கேமில், ஆடுபவர் ஒரு பாழடைந்த நகரத்துக்குள் நுழைந்து, இடிந்த மண்டபங்களையும் வறண்ட குளங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பு ஒரு சில்வண்டுக்குக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக மண்டப இடுக்கிலேயே குடியிருந்த குலம். எந்தத் தூணருகே எந்தச் சுருதி தங்கும் என்பது அதற்குத் தெரியும். ஏழு மாதம் உழைத்தது. கேமின் முகப்பில் ‘இசை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பது ஒன்றே அதன் ஆசை.

ஒத்திகை நாளன்று முயல் கேமை ஆட, சில்வண்டு அருகிலிருந்து வாசித்தது. ஆட்டம் முடிந்ததும் நரி ஒரு படிவத்தை நீட்டியது. முதல் கேள்வி: ‘பின்னணி இசை கேட்டதா?’ முயல் ‘இல்லை’ என்று எழுதியது.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே,” என்றது.

“இவ்வளவு நேரம் வாசிச்சேனுங்க,” என்றது சில்வண்டு, மூச்சு வாங்க.

“அப்படீங்களா? எனக்கு எப்பவும் போலத்தான் இருந்துச்சு.”

பிறந்தது முதல் அந்த ரீங்காரத்துக்குள்ளேயே வாழும் காட்டில், அதைத் தனியே பிரித்துக் கேட்கும் காது யாருக்கும் இல்லை. இரண்டாம் ஒத்திகையில் கரடியும் ‘இல்லை’ என்றே எழுதியது. ‘சீக்கிரம் இசை சேர்க்கவும்’ என்று ஒரு குறிப்பும் சேர்த்தது.

“தம்பி, உன் மேல எனக்கு வருத்தமில்லை. படிவம் இப்படிச் சொல்லுது,” என்றது நரி. “இன்னும் ஒரு தடவை பார்ப்போம். அப்பவும் கேட்கலைன்னா தவளையைக் கூப்பிட்டுருவேன். அது பாடினது காதுல விழலைன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.”

மூன்றாம் ஒத்திகையில் சில்வண்டு உயிரைக் கொடுத்து வாசித்தது. முயல் கொட்டாவி விட்டபடி பாழ்நகரின் கற்கதவைத் தள்ளப் போனது. அந்தக் கொட்டாவியைக் கண்டதும் சில்வண்டுக்கு மனம் விட்டுப்போயிற்று. சிறகை மடக்கி, வாசிப்பதை நிறுத்திக்கொண்டது.

முயலின் காதுகள் விறைத்தன. காட்டில் சில்வண்டு அடங்கினால் புலி வருகிறது என்று பொருள். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த கரடி மேசைக்கடியில் பதுங்கியது. அங்கே ஏற்கெனவே நரி இருந்தது.

வராத புலிக்காக வெகுநேரம் காத்திருந்தபின், முயல் படிவத்தில் எழுதியது: ‘கேட்டது. இப்படியோர் இசையை என் ஆயுளில் கேட்டதில்லை.’

“இதை முதல்லயே வாசிச்சிருக்கலாமில்ல, தம்பி?” என்று மேசைக்கடியிலிருந்து நரியின் குரல் வந்தது.

சில்வண்டு உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. முகப்பில் தன் பெயர் வரப்போகும் இடத்தை நினைத்துக்கொண்டது.

“கொஞ்சம் கஷ்டமான ராகமுங்க,” என்றது.

அவ்வாண்டின் சிறந்த இசைக்கான காட்டு விருதும் அதற்கே கிடைத்தது.

நீதி: உழைப்பு எவர் காதிலும் விழாது, புகழ் வேண்டுவோர் தக்க இடம் பார்த்து வேலையை நிறுத்துக.

பாடபேதம்: ஈரோட்டில் வழங்கும் வடிவத்தில் கதை விருதோடு முடிவதில்லை. அந்த மௌனத்தின் முழு உரிமையையும் நரி எழுதி வாங்கிவிடுகிறது. ஆகவே நிறுவனத்தின் அனுமதியின்றிச் சில்வண்டு ஒரு நொடியும் சும்மா இருக்கலாகாது. அது இன்றும் ஓயாமல் சிறகுரசுவதற்குக் காரணம், அனுமதிப் படிவம் இன்னும் நரியின் மேசையில் கிடப்பதே என்பர்.