தொட்டியில் பாசி, உடனே புறப்பட்டு வரவும்

சிறுவாச்சூர் மதுரகாளி துணை

குரும்பலூர்
1983, வைகாசி, வெள்ளிக்கிழமை

தூத்துக்குடியில் கடல் மீன் ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை சாமிதுரை அவர்களுக்கு, மாமியார் கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் மாமனார், உங்கள் மனைவி மலர்கொடி, அவள் வயிற்றில் இருப்பது, கறவை மாடு எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். ஆபீஸ் படகில் காற்று வாங்கிக்கொண்டு நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். இந்த வீட்டில் சுகமில்லாதது உங்கள் மீன்தொட்டி ஒன்றுதான்.

மாமியார் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது நம் பக்கத்தில் கிடையாது. நீங்கள் நேரில் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்து, ‘சாப்பிடச் சொல்லுங்க’ என்று சொல்கிறவள்தான் நான். கடிதத்துக்குக் கதவு இல்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஞாபகப் பிழை இருக்காது.

போன மாதம் நீங்கள் மலர்கொடிக்குப் போட்ட கடிதத்தில், ஆடி பிறந்த பிறகுதான் லீவு, அப்போது வந்து பிள்ளையைப் பார்க்கிறேன் என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க மீன். மீன் நன்றாக நீந்துகிறதா, மீன் ஒளிந்துகொள்கிறதா, மீனின் வால் மஞ்சளாகவே இருக்கிறதா. கடைசியில், தொட்டிக்கு ஏதாவது ஆபத்து என்றால் உடனே தெரிவி, பெரிய சார் காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தாள். அன்றிலிருந்து தொட்டி நாசமாகிக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு எல்லாம் நல்லபடி என்றே எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏண்டி பொய் எழுதுகிறாய் என்று கேட்டேன்.

“மீனுக்கு ஒண்ணுன்னா ஓடி வருவாராம். அப்படி ஒண்ணும் வர வேணாம். எனக்காக வரட்டும். இல்லன்னா ஆடியிலயே வரட்டும்மா” என்றாள்.

அவளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவம். பேரன் பேத்தி எடுத்தவள் நான், பயப்படுகிற பெண் எப்படி உட்காருவாள், எப்படி எழுந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் திருப்புகிறாள், தபால்காரர் இல்லை என்றதும் பழையபடி தொட்டியைப் பார்க்கிறாள். அவள் ரோஷம் அவளோடு இருக்கட்டும். எனக்கு அதெல்லாம் கிடையாது. தொட்டிக்கு ஆபத்து வந்துவிட்டது மாப்பிள்ளை, அதைத் தெரிவிப்பது என் கடமை. என்ன ஆபத்து, எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

வளைகாப்பு முடிந்து ஆண்டிமடத்தில் உங்கள் வீட்டிலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தோம். நீங்கள் படகோடு போய்விடுவீர்கள், தூத்துக்குடி வீடு பூட்டிக் கிடக்கும், தொட்டி ஆண்டிமடத்தில் இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னதும், உங்கள் அம்மா, என் சம்பந்தியம்மாள் அமிர்தவல்லி அவர்கள், “எங்க வூட்ல அதுக்கு எடமேது” என்றார்கள். முந்திரிக்கொட்டை மூட்டையைக் கூரை முட்ட அடுக்க அந்தக் கூடத்தில் இடமிருந்தது. ஊதா நிறப் புடவை, ஓரத்தில் கிழிசல் தைத்தது, அன்று அவர்கள் கட்டியிருந்தது. அந்தக் கண்ணாடித் தொட்டியும், கடல் மணலும், கடல் கல்லும், கேன் கேனாகக் கடல் தண்ணீரும், மஞ்சள் வாலும் வெள்ளைப் பட்டையுமாக ஜோடி மீனும், அது இரண்டும் புகுந்து படுத்துக்கொள்ள பூ மாதிரி கை விரிக்கிற ஒரு ஜந்துவும், கொறகொறவென்று காற்று விடுகிற மோட்டாரும் என் மகளோடு சேர்ந்து என் வீட்டுக்கு வந்தன.

ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை இறால் பொடிதான் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதாக மலர்கொடி சொன்னாள். ஒரு சிட்டிகை. எனக்கு உடனே மறுவீட்டு விருந்து ஞாபகம் வந்துவிட்டது. கோழி அடித்து, பந்தியில் எல்லோருக்கும் அள்ளி வைத்துக்கொண்டு வந்த உங்கள் அம்மா, என் இலைக்கு வந்ததும் ஒரே ஒரு துண்டு வைத்தார்கள், அதுவும் கழுத்துத் துண்டு, “பெரியவங்களுக்குச் செரிக்காது” என்றும் சொன்னார்கள். அவர்களைவிட நான் இரண்டு வயது சின்னவள். அந்த அளவு ஆண்டிமடத்து அளவு. குரும்பலூரில் அது செல்லாது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது எதுவும், அது மீனாகவே இருந்தாலும், என் வீட்டில் அரை வயிறாகப் படுக்கக் கூடாது. காலையில் இட்லியை உதிர்த்துப் போட்டேன். மத்தியானம் நெத்திலிக் கருவாட்டை இடித்து, வெறும் வயிற்றைச் சுடுமே என்று அதில் கொஞ்சம் சோற்றையும் பிசைந்து போட்டேன். சாயங்காலம் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. மலர்கொடி பார்க்காத நேரமாகப் பார்த்துப் போட்டேன், பார்த்தால் சத்தம் போடுவாள். அதுகள் கொஞ்சம் தின்றன. மிச்சம் கல் இடுக்கில் போய்த் தங்கியது. பசித்தால் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அந்த மாதம் முடிவதற்குள் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் டீத்தூள் அப்பியது போல ஒரு பழுப்பு. துடைத்தேன், போனது. மறுநாள் கல்லெல்லாம் பச்சை. அதற்கப்புறம் அந்தப் பச்சைக்கு மயிர் முளைத்தது, வாரிப் பின்னிப் பூ வைக்கலாம் போல அவ்வளவு நீளம், மோட்டார் காற்றுக்கு ஆடிக்கொண்டே நின்றது. கண் பட்டிருக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது, எதிர்வீட்டு இருசம்மாள் இரண்டு தடவை வந்தாள். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். பாசி அசைந்து கொடுக்கவில்லை. தேங்காய் நாரை எடுத்து உள்ளே கையை விட்டுத் தேய்த்தேன். தேய்த்ததெல்லாம் தண்ணீரில் பறந்து, இல்லாத இடத்திலும் போய் ஒட்டிக்கொண்டு முளைத்தது. ஒரு பிடி பாசியை நான் நாற்றாகப் பறித்து ஊரெல்லாம் நட்டுவிட்டது போல ஆயிற்று.

நத்தை பாசியைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மாமனாரை அனுப்பி வாய்க்காலிலிருந்து ஒரு சட்டி நத்தை கொண்டுவரச் செய்து தொட்டியில் கொட்டினேன். உள்ளே போனதும் ஒவ்வொன்றும் கதவைச் சாத்திக்கொண்டது. நம்மைப் போல வெட்கப்படுகிறது, பழகினால் திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவே இல்லை. சாயங்காலம் நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது, வாய்க்கால் நத்தைக்கு உப்புத் தண்ணீர் ஆகாதாம். எல்லாவற்றையும் கரண்டியால் வாரி எடுத்தோம். அந்த நாற்றத்தில் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, பாசி மட்டும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது, அடுத்த வாரம் இன்னும் ஒரு சாண் ஏறி நின்றது.

அதற்குள் கத்திரி வெயில். தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும், கடலுக்கு எங்கே போவது, கிணற்றுத் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து, நாக்கில் விட்டுப் பார்த்து, ரசத்துக்கு மேலே ஊறுகாய்க்குக் கீழே என்று ஒரு பக்குவமாக ஊற்றி வந்தேன். குறையக் குறைய ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது, அதைச் செழிப்பு என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் இரண்டு மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. மலர்கொடி ஓடி வந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வெயில்ல போறது தண்ணி மட்டுந்தாம்மா. உப்பு எங்கயும் போவாது, உள்ளயேதான் இருக்கும். நீ அதுங்கள ஊறுகா போட்டுட்டிருக்க” என்றாள்.

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு வெறும் கிணற்றுத் தண்ணீரை அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். மீன் பிழைத்தது. ஆனால் எங்கள் கிணறு தர்மன் வயலை ஒட்டி இருக்கிறது. அவர் வயலுக்கு யூரியா போட்டால் எங்கள் துவைக்கிற கல்லோரம் புல் கொழிக்கும். அந்தத் தண்ணீர் உள்ளே போனதும் பாசி மசக்கைக்காரி மாதிரி எதைக் கண்டாலும் தின்று பெருத்தது.

இனி நிஜக் கடல் தண்ணீர்தான் வழி என்று உங்கள் மாமனார் கேன்களை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனார். போகும்போது தொந்தரவில்லை. வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேனைக் காலால் தட்டி, இது என்ன பெரியவரே என்றிருக்கிறார். கடல் தண்ணீர் என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து குரும்பலூருக்குக் கடல் தண்ணீர் சுமக்கிற ஆளை யார் நம்புவார்கள். சாராயம்தான் என்று முடிவு கட்டி, மூடியைத் திறந்து, நியாயமாக மோந்து பார்த்திருக்க வேண்டும், ஒரு வாய் முழுக்கக் குடித்துவிட்டார். ஜெயங்கொண்டம் வரைக்கும் ஜன்னல் பக்கமே நின்று துப்பிக்கொண்டு வந்தாராம். அந்தத் தண்ணீரை ஊற்றியதும் கொஞ்ச நாள் பாசி வாடியது போலத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மீனுக்குப் பொங்கல் வைத்தேன். மறுபடி தழைத்துவிட்டது.

கடைசியாக உரக்கடை அரியமுத்து சொன்னான். நெல் வயலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து மடைவாயில் போடுகிறோம், தொட்டி என்ன பெரிய தொட்டி, ஒரு முடிச்சு போதும் என்றான். நீல நீலமாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். மலர்கொடி கட்டிலில் படுத்திருந்தாள். நான் முடிச்சைக் கட்டி, கையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனதுதான் தெரியும், அந்த வயிற்றோடு அவள் எப்படி எழுந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியாது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது பாசியோடு மீனையும் அந்தப் பூவையும் கொன்றுவிடும் என்றாள். செத்தால் சாகட்டுமே, மாதம் நிறைந்த பெண்ணுக்கு இந்தப் பாடு எதற்கு என்று நானும் கத்தினேன். அவள் கத்தவில்லை. என் கையை விடாமல் சொன்னாள்.

“கல்யாணம் முடிஞ்சு தூத்துக்குடி போன மறுவாரம், அவரே கடல்ல முங்கிப் புடிச்சாந்தது. ‘ஒண்ணு நீ, ஒண்ணு நான்’னாரு. எது நான், எது அவருன்னு சொல்லல. அதனால ரெண்டையும் காப்பாத்த வேண்டியிருக்கும்மா.”

நான் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அரியமுத்து கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவனோடு இப்போது பேச்சில்லை.

மாப்பிள்ளை, இவ்வளவுதான் நடந்தது. தொட்டி பச்சைப் பசேலென்று நிற்கிறது. கண்ணாடி இருப்பது தெரியவில்லை. மீன் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் வாயைப் பொத்திக்கொண்டு காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் தீர்ந்தது. கடலைப் படித்தவர் நீங்கள். இந்தக் கடிதம் கண்டதும் பெரிய சாரிடம் சொல்லி, கிடைத்த பஸ்ஸில் ஏறித் திருச்சி வந்து, அங்கிருந்து பெரம்பலூர் வழியாக இங்கு வந்துவிடவும். தாமதம் செய்தால் அந்த ஜோடிக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், கழுத்துத் துண்டு நன்றாகச் செரித்தது என்றும் சொல்லவும். படகில் போகும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளவும். நீங்கள் கால் வைக்கும் தண்ணீரும் உங்கள் கால் மிதிக்கும் தரையும் உங்களைத் தாங்கட்டும், மதுரகாளி கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
மாமியார்,
கொளஞ்சியம்மாள்

பின்குறிப்பு: தொட்டியில் இப்போது பாசி இல்லை. போன வாரமே, இந்தக் கடிதம் எழுத உட்காருவதற்கு முன்பு, நான் ஏலாக்குறிச்சியில் தம்பி மகள் சடங்குக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, மீன் இரண்டும் அந்தப் பூவுக்குள் புரண்டு விளையாடுகின்றன. நான் இல்லாத நேரத்தில் மலர்கொடி பாசியை விரலால் பிடுங்கிப் பிடுங்கி வெளியே எடுத்து, ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்து, நாளைக்கு ஒரு சிட்டிகை மட்டும் தீனி போட்டிருக்கிறாள். நான் வைத்த விருந்தைத் தின்றுதான் பாசி வளர்ந்ததாம். விருந்து வைத்தது மீனுக்கு, பாசி வந்து பந்தியில் உட்கார்ந்தால் அதற்கு நான் என்ன செய்வது. மேலே எழுதியது ஒவ்வொன்றும் நடந்ததுதான். முடிந்துபோயிற்று என்பதை மட்டும்தான் எழுதவில்லை. பெரிய சார் கேட்டால் முன்னால் உள்ள தாள்களைக் காட்டவும், இந்தத் தாளைக் கிழித்துவிடவும். வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டிப் பக்கம் திரும்பாதீர்கள். நேரே உள்ளறைக்குப் போய், உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவளிடம் சொல்லுங்கள். இதைப் படித்த பிறகும் நீங்கள் பஸ் ஏறினால், அது பொய்யும் இல்லை.