வாலையோடு பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போகிறவன் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போவான். நான் சாராயம் காய்ச்சும் பானையோடு போனேன். (அன்றைக்கு யாராவது அதை அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.)

தமிழ் எம்.ஏ. முடித்திருந்த திமிர். பழைய மருத்துவ நூல் ஒன்றில் 'வாலை' என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சி வடிக்கும் கருவி என்று அகராதி பொருள் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது? பானையிலிருந்து குழாய் வால் மாதிரி நீண்டிருக்கும், அதனால்தான் வாலை என்று நானே கண்டுபிடித்தேன். நிஜ வாலை ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் கட்டுரை எழுதி உலகத்தையே அசத்திவிடலாம்.

கல்வராயன் மலையில் இருந்த என் வகுப்புத் தோழன், வீட்டில் ஓமத்தண்ணீர் வடித்த பழைய மண் வாலையைக் கொடுத்தான். மூங்கில் குழாய் நிஜமாகவே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் காலும் பரபரத்தன. சாக்கில் கட்டிக்கொண்டு, அன்று மாலையே பெண் பார்க்கச் சின்னசேலத்துக்குக் கிளம்பினேன். அப்பாவும் அம்மாவும் திருநாவலூரிலிருந்து நேரே வருவதாக ஏற்பாடு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சாக்கோடு நடந்த என்னைப் போலீஸ் மடக்கியது.

"சாக்குல இன்னா?" என்றார் ஏட்டு.

"வாலைங்க. இந்தச் சொல் எப்படி வந்துச்சுன்னா..."

அவர் பானைக்குள் மூக்கை விட்டு மோந்தார். "எங்க போற?"

"பொண்ணு பாக்கப் போய்க்கினு இருக்கேங்க."

"இத்தத் தூக்கிக்கினா?"

சொன்னது நிஜமா என்று பார்க்க, மரங்களைச் சுற்றி வயல்வழியே ஜீப்பை ஓட்டிப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். (ஜீப்பில் வந்து இறங்கிய மாப்பிள்ளை அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.)

"இவரு உங்க வூட்டுக்கு வர்ற மாப்பிள்ளைங்களா?" என்று கேட்டார் ஏட்டு.

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலைங்களே. தரகரு போட்டோதான் குடுத்தாரு. அத்த எம்பொண்ணுதான் வெச்சிருக்கு."

என் அப்பா அம்மாவோ விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம். வழக்கு விழுந்தால் இனிமேல் கிடைக்கப்போகிற வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு.

பெண்ணைக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவையில் வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தாள். "இது இன்னாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். ஏட்டு என் சட்டைக் காலரைப் பிடித்திருந்ததே மறந்துபோய், வாலைக்குப் பேர் வந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். தெருவே கூடி நின்று கேட்டது. அவள் முழுசாகக் கேட்டுவிட்டுத் தன் அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவருதாம்பா. போட்டோலகூட இப்படித்தான் வாயத் தொறந்துகினு இருந்தாரு."

ஏட்டு காலரை விட்டார். பானையை மட்டும் வாசற்படியில் போட்டு உடைத்துவிட்டுப் போனார். என் ஆராய்ச்சி அதோடு சரி. வாலைக்கு வாலிலிருந்துதான் பெயர் வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்வாள்: "அன்னிக்கு அந்த ஏட்டு எவ்வளோ மரியாதயாக் கேட்டாரு. யாருன்னே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்."