இரண்டு பீரியடில் ஓர் அரசியல் சட்டம்

மணி மூன்று. முதல் சட்டப்பிரிவே இன்னும் நிறைவேறவில்லை.

டெல்லியில் கூடிய அசல் அரசியல் நிர்ணய சபைக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் பிடித்தது. சென்னீர்குப்பத்துத் தனியார் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குக் கிடைத்தது இரண்டே பீரியட். பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்தவர் ஹேமாவதி டீச்சர். "பசங்களை வச்சி வகுப்புக்கு ஒரு அரசியல் சட்டம் எழுதி முடிச்சிக் காட்டும்மா, வேலைய நிரந்தரமாக்கிடுறேன்" என்று தாளாளர் எத்திராஜ் சொல்லியிருந்தார். மூன்றரைக்கு அவர் பார்க்க வருவார்.

"பிரிவு ஒன்று. பேச விரும்புவோர் கை தூக்க வேண்டும்," என்று படித்தார் ஹேமாவதி.

"எந்தக் கைன்னு போடல மிஸ்," என்றான் ஜெகதீஷ்.

"வலது கை."

"எனக்கு இடது கைதான் மிஸ் பழக்கம். இதுவா சமத்துவம்?" என்றாள் பவித்ரா.

"சரிம்மா, ஏதாவது ஒரு கை!"

"அப்போ பக்கத்துல கீறவன் கையத் தூக்கலாமா?" என்று கேட்ட ஜெகதீஷ், தமிழரசுவின் கையைப் பிடித்துத் தூக்கியே விட்டான். தமிழரசு இன்னொரு கையால் பதில் சொன்னான்.

வாயாடியை அடக்க ஒரே வழி பதவிதான் என்று ஜெகதீஷையே அவைத்தலைவர் ஆக்கினார் ஹேமாவதி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அவன் டஸ்டரால் மேசையைத் தட்டி, கை விவகாரத்தை ஆராய ஏழு பேர் குழு அமைத்தான். குழு வராந்தாவுக்குப் போய்விட்டது.

"அவங்க வராம ஓட்டெடுத்தா செல்லாது மிஸ்!" என்றான் அவைத்தலைவர்.

ஹேமாவதி போய்க் கெஞ்சி அழைத்து வந்தார். குழு நாற்பத்தொரு திருத்தங்களோடு வந்தது.

"அசல் சபையிலகூட இப்படிப் படுத்தலியேடா!"

"அங்க ரெண்டாயிரத்துக்கு மேல திருத்தம் வந்துச்சுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? நாங்க கம்மியாத்தான குடுத்துகீறோம்!" என்றது குழு.

அந்த நேரம் பார்த்து எத்திராஜ் உள்ளே நுழைந்தார். ஜெகதீஷின் டஸ்டர் மேசைமேல் தூசி பறக்க விழுந்தது.

"சபை அடுத்த கூட்டத்தொடர் வரை ஒத்திவைக்கப்படுகிறது!"

வகுப்பே மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"இன்னாம்மா இது, ஒரு பிரிவுகூடவா முடியல?" என்றார் எத்திராஜ்.

"முடியல சார்." வேலை போயிற்று என்று ஹேமாவதிக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கியது.

அதுவரை வாயே திறக்காத முதல் பெஞ்ச் நிஷா எழுந்தாள்.

"மிஸ்ஸத் திட்டாதீங்க சார். இந்தச் சட்டம் முடியிற வரைக்கும்தான் மிஸ் இங்க இருப்பாங்கன்னு ஸ்கூல் ஆயா சொல்லுச்சு. அதான், முடிக்கவே கூடாதுன்னு நேத்தே ஏகமனதா தீர்மானம் போட்டுட்டோம்!"