முனிகிருஷ்ணன் மெட்டை மாற்றிக்கொண்டது

எல்லைத் தகராறு தீர்ந்து புத்தூர் மெட்ராஸோடு சேரும்வரை தெலுங்கைக் காதில்கூட வாங்குவதில்லை என்று சபதம் செய்திருந்தார் முனிகிருஷ்ணன். ஆந்திரா தனியாகப் போனபின் சர்க்கார் காகிதமெல்லாம் தெலுங்கில்தான் வந்தது. படித்துச் சொல்ல, காளஹஸ்தியில் பள்ளிக்கூடம் போன மனைவி செங்கம்மா இருந்தாள்.

வீட்டில் அவருக்கென்று இருந்தது மாடி அறை ஒன்றுதான். சுவரில் சாத்திய ஏணிபோல அதற்குச் செங்குத்தான படிகள். செங்கம்மாவால் ஏற முடியாது. அதனாலேயே அந்த அறை அவருக்கு வைகுண்டம். பாயை விரித்து, கண்ணை மூடி, தெருக்கோடி வரை கேட்கப் பாடுவார்.

ஒருநாள் பஞ்சாயத்து போர்டு நோட்டீஸ் வந்தது.

"இன்னா எழுதிக்கீறான்?"

"மெட்டு சரியில்லையாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு மெட்டு?"

"நம்ப வூட்டு மெட்டுதான். ரொம்ப ஒசரமாம். கொறைக்கணுமாம்."

"சர்க்கார் அதையெல்லாமா அளக்குறான்?"

"பக்கத்துல பிடிமானத்துக்கு ஒண்ணுமில்லையாம். அதுவும் தப்பாம்."

"பக்கவாத்தியத்துக்கு நான் எங்க போவேன், புத்தூர்ல?"

செங்கம்மா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைக் காகிதத்துக்குள் இறக்கிக்கொண்டாள்.

"ஜனங்க உசுருக்கே ஆபத்துன்னு போட்டுக்கீறான்."

முனிகிருஷ்ணன் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகப் பாடுகிறார். ஓர் உயிர்கூடப் போனதில்லை.

"மாத்தலைன்னா?"

"மாடியைப் பூட்டிடுவாங்களாம்."

"வாணாம். மாத்திடறேன்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

எழுதினாள். போட்டார்.

மறுநாள் மாடியில், பூனை பால் குடிக்கிற சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தார். வெளியே கடப்பாரை இடித்தது. எட்டிப் பார்த்தார். மேல்படிகள் மூன்றைக் காணோம். நான்காவதில் கொத்தனார் துலுக்காணம் நின்றிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினுகீறே?"

"நீங்கதான நைனா கையெழுத்துப் போட்டீங்க, மெட்டை மாத்தறேன்னு."

"பாட்டுக்கும் கடப்பாரைக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"பாட்டா? தெலுங்குல மெட்டுன்னா படி, நைனா."

கீழே செங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஏணி வந்து சேரும்வரை, அவருடைய மதியச் சோறு கயிற்றில் ஏறியது.

பதினைந்தே நாளில் புதுப்படி எழுந்தது. ஏழங்குல உயரம், தாராளமான அகலம், ஓரத்தில் கைப்பிடி. முனிகிருஷ்ணன் ஏறினார். மூச்சுகூட வாங்கவில்லை. சட்டமும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஜன்னலோரம் செங்கம்மா காலை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டி.

"என் பாய் எங்க?"

"படிக்கு அடியில ஒரு ஆளுக்கு எடம் விட்டுக் கட்டச் சொன்னேன், அங்க போட்டுக்கீறேன்" என்றாள். "ஒக்காந்தா தலை இடிக்கும். படுத்துக்கினே பாடுங்க."